மெட்டாலிகா படத்தைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

மெட்டாலிகா என்ற அமெரிக்க ஹெவி மெட்டல் (கனமான, ஆவேசமான ராக் இசை) குழுவைப் பற்றி 2004-இல் வந்த ‘சம் கைண்ட் ஆஃப் மான்ஸ்டர்’ ஆவணப்படம் பற்றிப் பேச்சு எடுத்தாலே, கோடீஸ்வரர்கள் மாதம் 40,000 டாலர் கொடுத்து மனநல ஆலோசகரிடம் அழுகிறார்கள், இதுவா மெட்டல் என்கிறார்கள். அப்போதே பல விமர்சகர்கள் ராக் குழுக்களைக் கேலி செய்த ‘ஸ்பைனல் டேப்’ படத்தோடு இதை ஒப்பிட்டார்கள். எனக்கு இந்தச் சிரிப்பில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை.

நடந்தது என்ன? 2001 ஜனவரியில் குழுவில் பேஸ் கிடார் வாசித்த ஜேசன் நியூஸ்டெட் விலகுகிறார். வேறொரு குழுவிலும் வாசிக்க ஆசைப்பட்டார், பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு விடவில்லை. அதே ஆண்டு, ‘செயின்ட் ஆங்கர்’ ஆல்பம் வேலையின் நடுவில் ஹெட்ஃபீல்டு குடியிலிருந்து மீளச் சிகிச்சைக்குப் போகிறார். மாதக்கணக்கில் காணோம். திரும்பி வந்ததும், மதியம் 12 முதல் 4 வரைதான் வேலை, நான் போன பிறகு நீங்களும் பதிவுகளைத் தொடக்கூடாது என்கிறார். டிரம்ஸ் வாசிக்கும் லார்ஸ் உல்ரிக் கொதித்துப்போய் அவர் முகத்துக்கு நேரே கத்துகிறார்.

இதைச் செல்லம் கொடுத்துக் கெட்ட பிள்ளைகளின் சண்டை என்றார்கள். குடியை விட்ட ஒருவரோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அந்த நாலு மணி நேரம்தான் ஹெட்ஃபீல்டுக்குப் பிடிமானம். அதை விட்டால் பழைய இடத்துக்கே போய்விடுவோமோ என்ற பயம் அவர் உட்கார்ந்திருக்கும் விதத்திலேயே தெரிகிறது. லார்ஸின் கோபமும் நியாயமானதுதான், இத்தனை மாதம் காத்திருந்தவர் அவர். இயக்குநர்கள் பெர்லிங்கரும் சினோஃப்ஸ்கியும் யார் பக்கமும் சாயாமல் கேமராவை ஓடவிடுகிறார்கள். கோபத்தைப் பாட்டாக்கியே பிழைத்த மனிதர்கள், அந்தக் கோபத்தைச் சாதாரண வாக்கியமாகச் சொல்லத் திணறுகிறார்கள். மெட்டல் கேட்டு வளர்ந்த எனக்கு இதைவிட முக்கியமான காட்சி வேறு இல்லை.

அப்புறம், ‘செயின்ட் ஆங்கர்’ ஆல்பத்தைத் திட்டுபவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது. கிடார் சோலோவே (கிடார் மட்டும் முன்னால் வந்து வாசிக்கும் பகுதி) வேண்டாம் என்று முடிவாகும்போது, சோலோவை நீக்கினால்தான் இது இந்தக் காலத்தோடு முடிந்துபோகும் ஆல்பம் என்று முத்திரை விழும் என எதிர்த்து வாதாடுகிறார் கிடார் கலைஞர் கிர்க் ஹேமெட். யாரும் கேட்கவில்லை. அவர் சொன்னதுதான் நடந்தது.

கண்டிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1983-இல், முதல் ஆல்பத்துக்குச் சற்று முன், அப்போது குழுவில் கிடார் வாசித்த டேவ் மஸ்டைனைக் குடிக்காக வெளியேற்றிப் பஸ் ஏற்றி அனுப்பினார்கள். 2001-இல் அவர் லார்ஸுக்கு எதிரே உட்கார்ந்து, அனுப்புவதற்குப் பதில் சிகிச்சைக்குப் போகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறார். அந்தக் காட்சியைப் பயன்படுத்தியதில் தனக்கு விருப்பமில்லை என்று பின்னர் வெளிப்படையாகவே சொன்னார். பின்னர் அவர் தொடங்கிய மெகாடெத் குழுவின் ஆல்பங்கள் லட்சக்கணக்கில் விற்ற பிறகும் அழுகிறாரே என்று அவரையும் கேலி செய்தார்கள். படத்துக்குப் பணம் போட்டது மெட்டாலிகா. குழுவுக்குள் இருந்தவர்களுக்குப் பேசித் தீர்த்துக்கொள்ள இரண்டரை ஆண்டு கிடைத்தது, வெளியே தள்ளப்பட்டவருக்குக் கிடைத்தது சில நிமிடங்கள். விமர்சகர்கள் கேள்வி கேட்டிருக்க வேண்டிய இடம் அதுதான்.