கிளியோபாட்ராவை விடுங்கள், பருத்தி வியாபாரிகளைப் பேசுவோம்

கிரேக்கர், எகிப்தியர் என்று யாராவது பேச்செடுத்தால் போதும், உடனே கிளியோபாட்ரா வந்துவிடுகிறாள். அவள் கிரேக்கப் பெண்ணா எகிப்தியப் பெண்ணா, நிறம் கறுப்பா வெளுப்பா என்று 2023-இல் ஒரு ஆவணத் தொடர் வந்தபோது இணையத்தில் நடந்த சண்டை தெரியும்தானே. எகிப்தை ஆண்ட கிரேக்கக் குடும்பமான அவளுடைய தாலமி வம்சத்திலேயே எகிப்திய மொழியைக் கற்றுக்கொண்ட முதல் ஆட்சியாளர் அவள்தான் என்கிறார் பழங்கால எழுத்தாளர் புளூட்டார்க். அதாவது இருநூற்றைம்பது வருடம் அங்கே உட்கார்ந்து ஆண்ட குடும்பத்துக்கு ஊர் ஜனங்களின் பேச்சு தேவைப்படவே இல்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது ஒரு கூலிப்படைத் தலைவனின் பெயர். தெற்கு எகிப்தின் அபு சிம்பெலில் இருக்கும் ராம்சேஸின் பிரம்மாண்டச் சிலைகளில் ஒன்றின் காலில், கி.மு. 590-களில் அப்போதைய பாரோவுக்காகச் சண்டைக்குப் போன கிரேக்க வீரர்கள் கீறிவிட்டுப் போன எழுத்துகள் இன்னும் இருக்கின்றன. எகிப்தைக் கைப்பற்றிய அலெக்சாந்தர் பிறக்கவே அப்போது இருநூறு வருடத்துக்கு மேல் பாக்கி. அதில் தங்கள் தலைவனை 'தியோக்ளிஸ் மகன் சம்மெட்டிகஸ்' என்று எழுதியிருக்கிறார்கள். அப்பன் பெயர் சுத்தமான கிரேக்கம், மகன் பெயரோ பாரோவின் பெயர்! பிழைக்கப் போன இடத்து ராஜாவின் பெயரைப் பிள்ளைக்கு வைத்திருக்கிறான் மனிதன். (சங்கப் பாடல்களில் பொன்னோடு வந்து மிளகோடு போன யவனர்களிலும் பலர் எகிப்தின் செங்கடல் துறைமுகங்களில் கப்பலேறிய கிரேக்க மொழிக்காரர்கள்தான். அது தனிப் பதிவுக்கான விஷயம்.)

சரி, நவீன காலத்துக்கு வருவோம், விவகாரமே அங்கேதான். எகிப்தை 1805 முதல் ஆண்ட முகமது அலி பிறந்தது கவாலாவில், அது இன்று கிரேக்க நாட்டு ஊர். கிரேக்கர்கள் துருக்கிய ஒட்டோமான்களை எதிர்த்துக் கிளம்பியபோது, சுல்தானுக்காக 1825-இல் அவர்களை நசுக்கப் போனவர் இவருடைய மகன் இப்ராகிம் பாஷா. 1827-இல் கிரேக்கக் கரையோரம் நவாரினோவில் இவர்கள் கப்பற்படை மூழ்கியது. இவ்வளவுக்கும் நடுவில் அலெக்சாந்திரியாவில் முகமது அலிக்கு நெருக்கமாக இருந்து தொழில் செய்த தொசித்சாஸ் ஒரு கிரேக்கர், பிறகு அங்கே கிரேக்க நாட்டின் தூதரே அவர்தான்.

அப்புறம் 1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் வந்து அந்த ஊர்ப் பருத்தி நின்றுபோக, எகிப்தியப் பருத்தியின் விலை எங்கேயோ போய்விட்டது. வாங்கி விற்றவர்களிலும் விவசாயிக்கு வட்டிக்குக் கொடுத்தவர்களிலும் கிரேக்கர்கள் நிறைய. 1896 ஒலிம்பிக்குக்காக ஏதென்ஸின் பழைய அரங்கத்தைப் பளிங்கில் எழுப்பப் பணம் கொடுத்த அவெரோஃப் அலெக்சாந்திரிய வியாபாரி. ஏதென்ஸ் மேயராகவே ஆன பெனாகிஸ் அலெக்சாந்திரியாவில் பருத்தியில் சம்பாதித்தவர். அரங்க வாசலில் அவெரோஃபுக்குச் சிலை இருக்கிறது. நைல் டெல்டாவில் பருத்தி பறித்தவனுக்கு என்ன இருக்கிறது?

'அழகான பழைய அலெக்சாந்திரியா, எல்லா இனமும் ஒன்றாக வாழ்ந்த நகரம்' என்று உருகுபவர்களோடு எனக்கு ஒத்துப்போகாதது இதனால்தான். வெளிநாட்டுக் குடியுரிமை இருந்தால் எகிப்தின் சாதாரண நீதிமன்றம் தொட முடியாது, வரி போடுவதற்கும் வல்லரசுகளின் சம்மதம் வேண்டும். இந்தச் சலுகைகளை ஒழிக்க 1937-இல் சுவிட்சர்லாந்தின் மாந்த்ரோவில் ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது, வெளிநாட்டு நீதிபதிகளும் உட்கார்ந்து வெளிநாட்டவர் வழக்குகளை விசாரித்த கலப்பு நீதிமன்றங்களோ 1949 வரை ஓடின. சொந்த ஊரில் இரண்டாந்தரமாக இருந்தவனுக்கு அந்த அழகு எப்படித் தெரிந்திருக்கும்?

அதற்காக எல்லாக் கிரேக்கரும் கோடீஸ்வரர்கள் என்றும் நினைக்க வேண்டாம். 1920-களில் எகிப்தில் இருந்த எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கிரேக்கர்களில் பெரும்பாலோர் மளிகைக் கடைக்காரர்கள், குமாஸ்தாக்கள், மெக்கானிக்குகள். 1956-இல் எகிப்திய அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கியதும் பிரிட்டிஷ், பிரெஞ்சு வழிகாட்டிகள் (கால்வாய்க்குள் கப்பல்களை நடத்திச் செல்பவர்கள்) மொத்தமாக வெளியேறினார்கள், கால்வாய் முடங்கிவிடும் என்று கணக்கு. எகிப்தியர்களோடு நின்று கப்பல்களை நகர்த்தியவர்களில் கிரேக்கர்களும் உண்டு. ஐந்தே வருடத்தில், 1961-இன் நாட்டுடைமைச் சட்டங்கள் கிரேக்கர்களின் தொழில்களையும் அள்ளிக்கொண்டன.

நாசர் துரத்திவிட்டார் என்பது பாதிக் கதை. கம்பெனிகளில் ஊழியர்களில் 75 சதவீதம், தொழிலாளர்களில் 90 சதவீதம் எகிப்தியர் இருக்க வேண்டும் என்ற சட்டம் 1947-இலேயே, மன்னர் ஃபாரூக் காலத்தில் வந்துவிட்டது. அரபு எழுதப் படிக்கத் தெரியாத கிரேக்க இளைஞனுக்கு அன்றே கதவு பாதி மூடியாயிற்று. தாலமிகள் செய்த அதே தவறு என்று சொன்னால் என்னை அடிக்க வருவீர்கள், ஆனாலும் சொல்கிறேன்.

இப்போது இரு நாட்டுத் தலைவர்களும் சந்தித்தால் பல்லாயிரமாண்டு நட்பு என்கிறார்கள். 2020 ஆகஸ்டில் இவர்களைக் கடல் எல்லை ஒப்பந்தம் போட வைத்தது அந்த நட்பை விட, லிபியாவோடு துருக்கி போட்டிருந்த ஒப்பந்தம்தான். எகிப்தின் சினாயில் கிரேக்கத் துறவிகள் ஆறாம் நூற்றாண்டிலிருந்து இருக்கும் புனித கத்தரீன் மடத்தின் நிலம் அரசுக்குச் சொந்தம், துறவிகளுக்குப் பயன்படுத்தும் உரிமை மட்டும் என்று 2025 மே மாதம் எகிப்திய நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் ஏதென்ஸ் கொதித்தது. எனக்கு இதில் துறவிகள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. பருத்திப் பணக்காரர்களைப் போல அவர்கள் எதையும் ஏதென்ஸுக்கு அள்ளிக்கொண்டு போகவில்லை.