காசு கொடுத்து வாங்கும் மூக்கணாங்கயிறு

புதுக் காரின் சாவி கைக்கு வருவதற்கு முன்பே ஒரு காகிதம் வந்துவிடுகிறது. "சார், கம்பெனி வாரண்டி மூன்று வருடம்தான். இன்னும் 15,000 ரூபாய் கட்டினால் மேலும் இரண்டு வருடம். பிறகு உங்களுக்குக் கவலையே இல்லை." குடும்பமே மாலையும் இனிப்புமாக நிற்கிற நேரத்தில் யார் வேண்டாம் என்பார்கள்? எது எதெல்லாம் இந்த வாரண்டியில் வராது என்ற பட்டியலை மட்டும் அந்த வேளையில் எவரும் எடுத்து நீட்டுவதில்லை.

பிரேக் பேட் வராது. கிளட்ச் பிளேட் வராது. வைப்பர், பல்பு, டயர், ரப்பர் புஷ் எதுவும் வராது. ஆயிலும் கூலன்ட்டும் ஏ.சி. கேஸும் வராது. மழைநீர் இன்ஜினுக்குள் புகுந்தால் வராது. அதற்கு இன்சூரன்ஸில் தனியாகக் காசு கட்டியிருக்க வேண்டும் என்பதைச் சென்னைக்காரர்கள் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் பட்டே தெரிந்துகொண்டார்கள். நம் ஊர்ச் சாலையில் நான்கு வருடம் ஓடிய காரில் எதெல்லாம் வழக்கமாகப் போகுமோ, அதெல்லாம் இவர்கள் அகராதியில் தேய்மானம்.

எங்கள் வண்டிக்கு நான்காம் வருடத்தில் ஏ.சி. குளிரவில்லை. கூலிங் காயிலில் கசிவு. நீட்டித்த வாரண்டி கையில் இருக்கிறது, எல்லா சர்வீஸும் அதே ஒர்க்‌ஷாப்பில்தான் நடந்திருக்கிறது, ஒரு தேதிகூடத் தவறவில்லை. சர்வீஸ் அட்வைசர் தன் கைப்பேசியில் ஒரு புகைப்படத்தைக் காட்டினார். அலுமினியத் தகடுகளுக்கு நடுவே வெள்ளையாகப் பூத்திருந்தது. "காயில் அரித்திருக்கிறது சார். சாக்கடைப் பக்கம் நிறுத்துவீர்களா? வெளிக்காரணத்தால் வந்த அரிப்புக்கு வாரண்டி கிடையாது." டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டுமாம். அதற்குக் கூலி, காயிலுக்கு விலை, கேஸுக்கு விலை, எல்லாவற்றுக்கும் மேலே ஜி.எஸ்.டி. சாக்கடை இல்லாத தெரு எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டேன். பதில் இல்லை. இந்த மறுப்பை எழுத்தில் கொடுங்கள் என்றேன். மேலாளர் விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். வண்டியைத் திரும்ப எடுத்த நாளிலிருந்து டேஷ்போர்டு கடகடவென்று ஆடுகிறது. அதற்கும் ஒரு ஜாப் கார்டு, அதாவது புதிதாக ஒரு வேலைச் சீட்டு, போடலாம் என்கிறார்கள்!

இந்த மறுப்புகூட எனக்குப் பெரிய ஆத்திரம் இல்லை. இந்த வாரண்டிக்கு உண்மையான விலை அந்த 15,000 ரூபாய் அல்ல என்பதுதான் வயிற்றெரிச்சல். கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து ஐந்து வருடம் வேறு எங்கும் வண்டியை விடக் கூடாது என்பதே நிபந்தனை. அந்த பயத்தை வைத்து ஒவ்வொரு சர்வீஸிலும் பில்லை ஊதுகிறார்கள். ஏ.சி. கிருமிநீக்கம், த்ராட்டில் பாடி சுத்தம், இன்ஜின் கார்பன் நீக்கம், அடிப்பாகப் பூச்சு, பெயின்ட் மெருகு. காரோடு கொடுத்த கையேட்டைத் திறந்து பாருங்கள். 10,000 கிலோமீட்டருக்கு என்ன செய்ய வேண்டும் என்று அட்டவணையே போட்டிருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை அதில் இருக்காது. வேண்டாம் என்றால், "பிறகு இன்ஜினில் ஏதாவது வந்தால் வாரண்டிக்குச் சிக்கல் ஆகலாம் சார்" என்று ஒரு வார்த்தை. பணம் கொடுத்து நாமே பூட்டிக்கொண்ட மூக்கணாங்கயிறு இது. இழுக்கிற பக்கமெல்லாம் போக வேண்டியிருக்கிறது.

எல்லாருக்கும் இது வீண் என்று சொல்லமாட்டேன். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், டர்போ டீசல் என்று வாங்கியவர்களுக்கு ஒரே ஒரு பழுது லட்சத்தைத் தொடலாம். அவர்கள் நிபந்தனைகளைப் படித்துவிட்டுப் போடட்டும். சாதாரண மேனுவல் பெட்ரோல் காருக்கு அந்தப் பணத்தை வங்கியில் போட்டு வைப்பதே மேல். பத்து வருடமாக ஒரே தெருவில் கடை வைத்திருக்கும் மெக்கானிக், கழற்றிய பழைய பாகத்தை நம் கையில் கொடுத்துவிட்டுத்தான் காசு கேட்கிறார். கண்ணாடி அறையில் நம்மை உட்காரவைத்து காபி கொடுக்கும் இடத்தில் வண்டியின் பக்கத்திலேயே விடுவதில்லை.

சட்டம் தூங்கிக்கொண்டிருக்கிறது என்றும் சொல்ல முடியாது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளிக்கடைகளுக்குக் கிடைக்காமல் தடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளியே வேலை பார்த்தாலே வாரண்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக் கூடாது, அங்கே நடந்த தவறான வேலையால் சேதம் வந்தால் மட்டும் மறுக்கலாம் என்றும் உத்தரவிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய அரசு, வாங்கிய பொருளை நாம் விரும்பும் இடத்தில் பழுது பார்த்துக்கொள்ளும் உரிமைக்கு ஓர் இணையதளமே தொடங்கியது. ஆனால் ஷோரூம் மேஜைக்கு இவை எதுவும் வந்து சேரவில்லை. அங்கே இன்றும் அதே மிரட்டல்தான் ஓடுகிறது.

மறுப்பை எழுத்தில் தராதவர்களுக்கு மின்னஞ்சலில் கேட்டு, பதில் வராததையே சான்றாக வைத்துக்கொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. என் மனு தயாராகிவிட்டது. அந்த வெள்ளைப் பூத்த காயிலின் படத்தையும், ஒரு தேதி தவறாத சர்வீஸ் பில்கள் அத்தனையையும் இணைத்திருக்கிறேன்.