கடைமடைக்குக் காவல் இருக்கிறது, தலைமடைக்கு யார்?

ஜூலை வந்தாலே எனக்குப் போட்ஸ்வானாவின் மௌன் ஊர் ஞாபகம் வந்துவிடும். அந்த நாட்டின் தலைநகர் காபரோனியில் கணக்கு வேலை பார்த்த காலத்தில் ஒரு விடுமுறைக்கு அங்கே போயிருந்தேன். மழை நின்று மாதக்கணக்காகிவிட்டது. புல் காய்ந்து கிடந்தது, வாயைத் திறந்தால் புழுதி. ஊர் வழியாகப் போகும் தமலகானே ஆறும் வெறும் மண்தான். ஒரு நாள் காலையில் அந்த மண்ணில் தண்ணீர் வந்தது. வெள்ளம் என்றால் பாய்ந்து வரும் என்று நினைத்திருந்தேன். இது தவழ்ந்து வந்தது. முன்னால் நுரையும் சருகும், அதற்கும் முன்னால் உயிர் பிழைக்க ஓடுகிற பூச்சிகள், அவற்றைக் கொத்தித் தின்னக் கொக்குகள். ஊரே கரைக்கு வந்து நின்றது. ஆடிப்பெருக்குக்குக் காவிரிக் கரையில் நிற்கிறவர்கள் முகத்தில் பார்க்கிற அதே சந்தோஷம். அங்கேயும் இங்கேயும் ஒரே சங்கதிதான்: எங்கோ பெய்த மழை நம் வாசலுக்கு வருகிறது.

அந்த மழை பெய்தது அங்கோலாவில். நவம்பரிலிருந்து மார்ச் வரை பீயே மேட்டுநிலத்தில் பெய்கிற மழை குபாங்கோ, குயிட்டோ என்று இரண்டு ஆறாக இறங்கி, நமீபியா எல்லையில் ஒன்று சேர்ந்து, ஒக்கவாங்கோ என்கிற ஆறாகி, போட்ஸ்வானாவின் கலஹாரி மணலில் விசிறி போல டெல்டாவாக விரிகிறது. கடலுக்குப் போவதே இல்லை. டெல்டாவின் மேல்முனையில் நுழைகிற தண்ணீர் அந்தத் தட்டை நிலத்தைத் தாண்டி மௌன் வந்து சேர மூன்று நான்கு மாதம் ஆகிவிடும். அதனால்தான் கோடையில் மழை பெய்து முடிந்து, அங்கே குளிர்காலமான ஜூலையில் வறட்சி உச்சத்தில் இருக்கும்போது ஒக்கவாங்கோ டெல்டா நிரம்பி நிற்கிறது. சுற்றிலும் பசி தாகம் உள்ள காலத்தில் அங்கே மட்டும் நீர். யானையும் எருமையும் கூட்டம் கூட்டமாக வருவதன் ரகசியம் இதுதான்.

2014இல் யுனெஸ்கோ தன் 1000ஆவது உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது இந்த டெல்டாவைத்தான். 1061 வகைத் தாவரம், 482 வகைப் பறவை, 130 வகைப் பாலூட்டி, 89 வகை மீன் என்று பட்டியல் இருக்கிறது. நல்லது, சந்தோஷம். ஆனால் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. இந்த ஆற்றைக் காப்பாற்றுகிறோம் என்று நாம் காவல் போட்டிருப்பது கடைமடைக்கு. தண்ணீர் பிறக்கிற தலைமடையில் அதே அளவு காவலும் இல்லை, ஆராய்ச்சியும் இல்லை, பணமும் இல்லை.

டெல்டாவைப் பற்றி நிறைய தெரியும் என்பது உண்மை. மௌனில் போட்ஸ்வானா பல்கலைக்கழகத்தின் ஒக்கவாங்கோ ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 2000 ஜூனில் மீன், நீர்த்தாவரம், நீர்ப்பூச்சி என்று நிபுணர்கள் குழுவாக வந்து ஒரு விரைவுக் கணக்கெடுப்பே நடத்தினார்கள். இப்படி வருஷக்கணக்கில் உழைத்துக் கண்டுபிடித்த விஷயங்களில் எனக்கு மிகவும் பிடித்தது கறையான் கதை. டெல்டாவில் உள்ள ஆயிரக்கணக்கான தீவுகளில் பெரும்பாலானவை கறையான் புற்றிலிருந்து தொடங்கியவை. வெள்ள மட்டத்துக்கு மேலே நிற்கிற புற்றில் பறவை எச்சத்திலிருந்து விதை விழுந்து மரம் முளைக்கிறது. மரம் நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது. நீரோடு வந்த உப்பு தீவின் அடியில், நடுப்பகுதியில் படிகிறது. படகில் போகும்போது சில தீவுகளின் நடுவே மரமே இல்லாமல் வெளுத்த திட்டு தெரியும், அது அந்த உப்புதான். யோசித்துப் பாருங்கள், வருகிற தண்ணீரில் 95 சதவீதத்துக்கும் மேல் ஆவியாகிப் போகிறது. உள்ளபடி பார்த்தால் அந்த இடம் ஒரு உப்பளமாக ஆகியிருக்க வேண்டும். தண்ணீர் இன்றைக்கும் குடிக்கிற பதத்தில் இருப்பது கறையானும் மரமும் சேர்ந்து செய்கிற வேலையால். நீர்யானை நடந்து நடந்து கால்வாய்களைத் திறந்து வைக்கிறது. பாப்பிரஸ் கோரை வளர்ந்து அவற்றை அடைக்கிறது. ஒரு கால்வாய் செத்தால் இன்னொன்று பிறக்கும். இந்த இடத்துக்கு நிலையான வரைபடம் போட முடியாது.

இப்படி மாறிக்கொண்டே இருக்கிற ஒன்றுக்குத் திட்டம் போடுகிறவர்கள் எவ்வளவு பணிவோடு இருக்க வேண்டும்! 1970களின் தொடக்கத்தில் ஒராபா வைரச் சுரங்கத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக டெல்டாவில் ஓடும் போரோ ஆற்றின் கீழ்ப்பகுதியைத் தூர்வாரினார்கள். கரையோரத்தில் இருந்தவர்கள் அதன் பாதிப்பை நேரில் பார்த்தார்கள். அப்புறம் 1980களின் கடைசியில் அரசு இன்னும் பெரிதாக ஒரு திட்டம் கொண்டு வந்தது. மறுபடி தூர்வாருவது, நீர்த்தேக்கம் கட்டுவது, பாசனம், சுரங்கத்துக்குத் தண்ணீர். 1991 ஜனவரியில் மௌனில் கோட்லா கூடியது. கோட்லா என்றால் ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி, தலைவர் முன்னால் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். பல நூறு பேர் கூடி, மணிக்கணக்கில் பேசி, வேண்டாம் என்றார்கள். அரசு நிறுத்தி வைத்தது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தைக் கூப்பிட்டுத் திட்டத்தை ஆராயச் சொன்னது. கடைசியில் 1992இல் கைவிட்டது. அந்த மக்கள் கையில் எந்த அறிக்கையும் இல்லை. இருபது வருஷம் முன்னால் வெட்டின கால்வாய் என்ன ஆயிற்று என்கிற நினைவு இருந்தது. ஆராய்ச்சியாளர்கள் வந்து சேர்வதற்கு முன்பே சரியான கேள்வியைக் கேட்டவர்கள் அவர்கள்தான்.

சரி, இப்போது மேலே போவோம். குபாங்கோவும் குயிட்டோவும் அக்கா தங்கை போலத் தெரிந்தாலும் குணம் வேறு. மேற்கே உள்ள குபாங்கோவின் தலைப்பகுதி பாறை நிலம். மழை பெய்தால் தண்ணீர் உடனே ஓடி வந்துவிடும். கிழக்கே குயிட்டோ ஆழமான மணலில் பிறக்கிறது. அங்கே சிறு சிறு ஏரிகள், அவற்றைச் சுற்றி முற்றாநிலக்கரிச் சதுப்பு, அதாவது பாதி மக்கிய செடிகொடிகள் படிந்த சேற்றுநிலம். மழையைப் பஞ்சு போல இழுத்து வைத்துக்கொண்டு வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். குபாங்கோ டெல்டாவுக்கு வெள்ளத்தைத் தருகிறது. வறண்ட மாதங்களில் டெல்டாவின் மூச்சு நிற்காமல் வைத்திருப்பது குயிட்டோ.

அந்தக் குயிட்டோ பகுதியை உலகம் வெகுகாலம் பார்க்கவே இல்லை. 1975 முதல் 2002 வரை அங்கோலாவில் உள்நாட்டுப் போர். 1987-88இல் பெரும் சண்டை நடந்த குயிட்டோ குவானவாலே இந்த ஆற்றங்கரைதான். எங்கு பார்த்தாலும் கண்ணிவெடி. 2015இல் ஒரு ஆராய்ச்சிக் குழு மொக்கோரோ என்கிற உள்ளூர்ச் சிறு படகுகளோடு குயிட்டோவின் பிறப்பிடத்திலிருந்து டெல்டா வரை மாதக்கணக்கில் பயணம் செய்தது. கண்ணிவெடி அகற்றுகிறவர்களின் துணையோடுதான் அந்த ஏரிகளை எட்ட முடிந்தது. அதற்குப் பிறகு நடந்த ஆய்வுகளில் அறிவியலுக்கே புதிதான உயிரினங்கள் கிடைத்தன. டெல்டா உலகப் பாரம்பரியம் ஆன பிறகுதான் அதன் ஊற்றுக்கண்ணில் என்ன வாழ்கிறது என்று முறையாக எண்ணத் தொடங்கினோம். இந்த வரிசை எனக்கு மனதை உறுத்துகிறது.

திட்டமிடுகிறவர்களுக்கு இது தெரியாது என்று சொல்ல மாட்டேன். 1994லேயே அங்கோலா, நமீபியா, போட்ஸ்வானா மூன்று நாடுகளும் சேர்ந்து ஒக்காகோம் என்கிற நதி ஆணையத்தை அமைத்தன. அதற்காகத் தென்னாப்பிரிக்காவின் ஆற்றுச் சூழல் ஆய்வாளர் ஜாக்கி கிங்கும் சகாக்களும் ஒரு ஆய்வு செய்தார்கள். மூன்று நாட்டிலும் எட்டு இடங்களைத் தேர்ந்து, ஆற்றில் எவ்வளவு தண்ணீர் எடுத்தால் மீன், தாவரம், பறவை, மக்கள் பிழைப்பு எல்லாம் எப்படி மாறும் என்று கணக்குப் போட்டார்கள். மேலே அணைகளும் பாசனமும் மிகப் பெரிய அளவில் வந்தால் அடிமேல் அடி விழுவது கடைக்கோடிக்கு. ஆதாயம் மேலே, இழப்பு கீழே. கடைமடை விவசாயி யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்.

இங்கேதான் என் கருத்து பலரோடு மோதுகிறது. "அங்கோலா ஆற்றைத் தொடாமல் இருந்தால் போதும்" என்று டெல்டா பிரியர்கள் பேசுகிறார்கள். இது நியாயமே இல்லை. தண்ணீரில் பெரும்பங்கைத் தருவது அங்கோலா. அந்தத் தண்ணீரை வைத்துச் சுற்றுலாவில் சம்பாதிப்பது போட்ஸ்வானா. இருபத்தேழு வருஷப் போரில் எல்லாம் இழந்த, அங்கோலாவின் மெனோங்கே நகரத்துப் பக்கத்துக் குடும்பம் மரம் வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் பிழைக்கிறது. வேறு வழி காட்டாமல் அவர்களிடம் காட்டைத் தொடாதே என்று எந்த வாயால் சொல்வது? அங்கோலாவில் எண்ணெய்க் காசு இருக்கிறதே என்று கேட்பார்கள். அந்தக் காசு அந்தக் கிராமத்துக்கு வந்து சேரவில்லை.

எனக்குத் தோன்றுவது இதுதான். டெல்டாவில் ஒரு இரவு தங்கப் பெரும் தொகை வாங்குகிறார்கள். அதில் ஒரு பங்கு, தானமாக இல்லாமல் தண்ணீருக்கான கூலியாக, குயிட்டோ கரைக் கிராமங்களுக்குப் போக வேண்டும். அங்கோலா 2011இல் தென்கிழக்கில் மவிங்கா, லுவெங்கே-லுயானா என்று இரண்டு பெரிய தேசியப் பூங்காக்களை அறிவித்தது. ஊற்றுக்கண் ஏரிகள் அந்த எல்லைக்குள் வரவில்லை. அந்த ஏரிகளுக்குக் காவல் வேண்டும், ஆனால் அங்கே வாழ்கிறவர்களே காவலாக இருக்க வேண்டும். யானைக் கணக்கெடுப்புக்குப் போகிற பணத்தில் கொஞ்சமாவது சதுப்பு மண்ணையும் சிறு மீனையும் அளக்கப் போகட்டும். அளக்கிறவர்கள் அங்கோலாவிலேயே படித்த பிள்ளைகளாக இருக்கட்டும்.

மௌன் போன அந்த விடுமுறைப் பயணத்தில் டெல்டாவின் மேற்கு ஓரமாக எட்ஷா போனேன். அங்கே எட்ஷா 1, எட்ஷா 2 என்று 13 வரை ஊர்கள். 1960களின் கடைசியில், உள்நாட்டுப் போருக்கும் முன்னால் நடந்த அங்கோலா விடுதலைப் போருக்குப் பயந்து நடந்தே வந்த ஹம்புகுஷு மக்கள், வந்த கூட்டம் கூட்டமாகக் குடியேறிய ஊர்கள். ஒரு அம்மாவிடம் பனையோலைக் கூடை வாங்கினேன். ஊர் எது என்று பேச்சுவாக்கில் கேட்டேன். எட்ஷா என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் வடக்கே கை காட்டி, அம்மா அங்கிருந்து வந்தாள், இந்தத் தண்ணீரும் அங்கிருந்துதான் வருகிறது என்றார்.