வெள்ளிக்கிழமைக்கு ஒரு புதுசு

போன வாரம் வைன் ஸ்டோரில் கம்பிக்கு வெளியே நின்றுகொண்டு, "அண்ணை, அந்தக் கறுப்புப் போத்தலை ஒருக்கா இஞ்சாலை தாங்கோ, லேபிளை வாசிச்சுப் பாப்பம்" என்று கேட்டேன். எனக்குப் பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி, நீ குடிக்கப் போறியோ, படிக்கப் போறியோ?" என்றார். வரிசை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆனாலும் லேபிளை வாசித்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன். லயன் ஸ்டவுட் என்ற கறுப்புப் பியர், அற்ககோல் 8.8 வீதம்.

விசயம் இதுதான். கிளிநொச்சியில் நாங்கள் நாலு பேர் ஒன்றரை வருடமாக வெள்ளிக்கிழமைக்கு ஒரு புதுசு என்று வைத்திருக்கிறோம். கரடிப்போக்கில் போன் திருத்துகிற நான், அக்காவின் மகன், ஒரு கணக்கு வாத்தியார், முல்லைத்தீவில் இருந்து மீன் ஏற்றிக்கொண்டு வருகிற என் மச்சான். முறை வைத்து ஒவ்வொருவரும் ஒன்று கொண்டுவர வேண்டும். பியராக இருக்கலாம், பாட்டு, படம், சாப்பாடு, எதுவும். பிடிக்கவில்லை என்று சொல்வதற்கு முன்னால் இரண்டு தரம் ருசி பார்க்க வேண்டும், அது ஒன்றுதான் சட்டம். பெரியம்மா ஐந்தாவது ஆள். பியர் மட்டும் அவருக்கு இல்லை, மற்ற எல்லாவற்றுக்கும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்துவிடுவார்.

இதைப் பற்றி முன்பு ஒருமுறை நாலு வரி எழுதினேன். ஒருவர் வந்து, "சனம் லோன் கட்ட வழியில்லாமல் நிக்குது, உங்களுக்கு வாரத்துக்கு ஒரு புதுசு கேக்குதோ" என்று போட்டிருந்தார். அன்றைக்குப் பதில் எழுதவில்லை. இன்றைக்கு எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் அந்தக் கறுப்புப் போத்தல். எங்கள் ஊரில் ஸ்டவுட்டை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் "கெதியா ஏறும்" என்றுதான் வாங்குவார்கள். ஐஸ் கட்டியைப் போட்டு மருந்து மாதிரி ஒரே மூச்சில் இழுத்துவிட்டுப் போத்தலைப் பற்றைக்குள் எறிந்துவிட்டுப் போய்விடுவார்கள். அதே பியரைப் பற்றி மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கிலேயர் (பாட்டுக்காரர் இல்லை, பியரைப் பற்றியே வாழ்நாள் முழுக்க எழுதினவர், 2007 இல் இறந்துபோனார்) உலகத்துக்கே புகழ்ந்து எழுதியிருக்கிறார். நாங்கள் நாலு பேரும் ஒரு போத்தலைப் பகிர்ந்து, அதிகம் குளிராமல், அரை மணித்தியாலம் வைத்துக் குடித்தோம். முதல் வாயில் கருகின கோப்பி, இரண்டாவது வாயில் பனங்கட்டி அடிப்பிடித்த மணம். வாத்தியார்தான் அதைப் பிடித்தார். "உது அம்மா பனங்கட்டிக் கோப்பியைப் பொங்க விட்டிட்டா அடுப்படியிலை வாற மணம்" என்றார். அவர் சொன்ன பிறகு வேறு ஒன்றும் எனக்கு மணக்கவில்லை.

கனடாவில் இருந்து வந்த இன்னொரு மச்சான் போனில் ஒரு ஆப் வைத்திருந்தான். குடித்த பியருக்கெல்லாம் அதில் நட்சத்திரம் போட்டிருந்தான், எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. கிளிநொச்சிக் கடையில் இருந்த நாலு வகையையும் பார்த்துவிட்டு "இஞ்சை ஒண்டும் இல்லை மச்சான்" என்று முகத்தைச் சுளித்தான். சரி என்று சொல்லி அவனைப் பளைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். மாசி மாதம், பனை நல்லாகச் சுரக்கிற காலம். தவறணையில் காலையில் இறக்கின கள்ளை வாங்கி, பாதியைக் குடித்துவிட்டு மீதியை மத்தியானம் வரை நிழலில் வைத்தோம். காலையில் இனிப்பும் ஒரு சின்னக் குத்தலும். பதினொரு மணிக்குப் புளிப்பு எட்டிப் பார்த்தது. இரண்டு மணிக்கு அது வேறு சாமான். முட்டிக்குச் சுண்ணாம்பு தடவியிருந்தால் அதே மரத்தில் கருப்பநீர், தடவாவிட்டால் மரத்தில் தொங்கும்போதே புளிக்கத் தொடங்கிக் கள்ளு. போத்தலில் அடைத்த பியர் எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காக எத்தனை இயந்திரம் வேலை செய்கிறது, இது மணிக்கு மணி மாறுகிறது. அவனுடைய ஆப்பில் இதற்கு ஒரு பக்கம் இல்லை. எத்தனை நட்சத்திரம் போடுவது, எந்த மணிக்குப் போடுவது என்று தெரியாமல் போனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டான்.

இதில் எனக்கு ஒரு ஆத்திரமும் இருக்கிறது. என் மருமகன் இருபத்து மூன்று வயதுக்குள் ஏழு எட்டு வகை பியர் குடித்திருக்கிறான், கள்ளு ஒரு சொட்டும் குடித்ததில்லை. கேட்டால் "சீ, அது..." என்று இழுக்கிறான். அந்த இழுவைக்குள் என்ன இருக்கிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். மரம் ஏறுகிறவர் யார், அவரை எங்கே இருத்திச் சாப்பாடு கொடுத்தோம் என்ற பழைய ஊத்தைதான் அது. அப்பத்துக்கு மா புளிக்க வைக்க அதே கள்ளை வாங்குவோம், விடிய முறுகல் அப்பம் சாப்பிடுவோம், ஆனால் தவறணை வாசலில் நிற்கிறதைக் கண்டால் மரியாதை போய்விடும். பியர்க் கடையில் வரிசையில் நின்றால் மட்டும் போகாதாம்.

பாட்டுக்கு வருகிறேன். தொண்ணூறுகளில் வன்னிக்குள் பற்றரிக்குத் தடை, மண்ணெண்ணெய் குதிரைக் கொம்பு, இரவில் ஜாம் போத்தல் விளக்கு. பாட்டுக் கேட்பதென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் இருந்து இரண்டு வயரை இழுத்துக் கசெட் பெட்டியில் கொழுவி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். அண்ணாவும் நானும் மாறி மாறிச் சுற்றுவோம். கை களைத்தால் பாட்டும் களைக்கும், சுருதி இறங்கி எஸ்.பி.பி.யின் குரல் கிழவனுடையதாகிவிடும், உடனே உள்ளே இருந்து "சுத்தடா!" என்று சத்தம் வரும். எங்களிடம் இருந்தது மூன்று கசெட். அதையே வருடக் கணக்காகக் கேட்டோம். 2002 இல் வன்னியை வெளியோடு இணைக்கிற ஏ-9 வீதி திறந்த பிறகு, கடையொன்றில் ஒழுங்கான மின்சாரத்தில் அதே பாட்டைக் கேட்டபோது ஏதோ பிழையாக ஓடுகிறது, வேகமாக ஓடுகிறது என்று நினைத்தேன். நான் சுற்றின வேகம்தான் என் காதுக்குச் சரியான வேகம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மருமகன் ஒரு வெள்ளிக்கிழமை தினாரிவென் என்ற குழுவைப் போட்டான். சகாராப் பாலைவனத்து துவாரெக் ஆட்கள். ஊரை விட்டு ஓடி, அல்ஜீரியாவிலும் லிபியாவிலும் அகதியாகவும் போராளியாகவும் அலைந்தவர்கள். அந்தக் குழுவைத் தொடங்கினவர் சின்ன வயதில் தகர டின், தடி, சைக்கிள் பிரேக் வயர் மூன்றையும் வைத்துத் தன் முதல் கிற்றாரைச் செய்தாராம். 2012 இல் கிராமி விருது வாங்கினார்கள். முதல் தரம் கேட்டபோது எனக்கு ஒட்டகம் நடக்கிற மாதிரி ஒரே இழுவையாக இருந்தது, எங்கே பல்லவி எங்கே சரணம் என்றே தெரியவில்லை. சட்டப்படி இரண்டாவது தரம் போட்டோம். அதற்குள் மருமகன் அந்த பிரேக் வயர் கதையைச் சொல்லியிருந்தான். நான் பேசாமல் எழும்பிப் போய், கொட்டிலில் கிடந்த பழைய சைக்கிளின் டைனமோவைக் கழற்றிக்கொண்டு வந்து அவன் கையில் கொடுத்தேன். "இது என்ன மாமா?" என்றான். அவனுக்கு அது என்னவென்றே தெரியாது.

கடன் கதை எழுதினவருக்கு இப்போது சொல்கிறேன். புதுசு கேட்பது பணக்காரனின் கொழுப்பு என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எங்களுக்கு வருடக் கணக்காக வேறு யாரோ தெரிவு செய்து தந்தார்கள். எந்தச் சவுக்காரம் உள்ளே வரலாம், எத்தனை லீற்றர் எண்ணெய், எந்தப் பாதை எப்போது பூட்டு. 2006 ஆவணியில் ஏ-9 மறுபடி பூட்டுப்பட்டது. பிறகு 2009, அதைப் பற்றி இங்கே வேண்டாம். செட்டிகுளத்து முகாமில் வரிசையில் நின்றால் கோப்பைக்குள் விழுவதுதான் சாப்பாடு. "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று ஒருவர் கேட்டால் பதில் சொல்ல வராத ஒரு தலைமுறை இருக்கிறது, அதில் நானும் ஒருவன். கடைக்குப் போனால் இன்றைக்கும் "எது இருக்குதோ அதைத் தாங்கோ" என்றுதான் வாயில் வருகிறது. ருசி பார்ப்பதும் ஒரு பழக்கம். அது எங்களுக்கு விட்டுப்போனது, கை முறிந்தவன் விரலை மடக்கிப் பழகுகிற மாதிரி நான் வாரத்துக்கு ஒரு தரம் பழகுகிறேன். நாலு பேருக்கு ஒரு போத்தல், இல்லாவிட்டால் இருநூறு கிராம் பருப்பு. இதற்கு யாரும் லோன் எடுக்கத் தேவையில்லை. பார்கள் கூடிப்போன கதை, 2024 இல் லைசென்ஸ் பற்றி நடந்த சண்டை எல்லாம் எனக்கும் தெரியும். கணவன் குடித்துச் சீரழிகிற வீடுகளுக்குப் பக்கத்தில்தான் நானும் இருக்கிறேன். அவர்கள் யாரும் ருசி பார்க்கக் குடிக்கவில்லை.

பருப்பு என்றேன் அல்லவா. முகாமை விட்டு வந்த பிறகு பத்து வருடத்துக்கு மேல் மைசூர்ப் பருப்பு எனக்கு இறங்கவில்லை. மணந்தாலே அந்தக் கூடாரம், அந்தத் தகர வாளி. வீட்டில் பருப்பு வைத்தால் நான் கடையில் சாப்பிட்டுவிட்டு வருவேன். போன வருடம் வாத்தியாரின் முறை வந்தபோது துருக்கிச் சூப் என்று ஏதோ ஒன்றைச் சட்டியோடு கொண்டுவந்தார். வெங்காயத்தை வதக்கி, கொஞ்சம் சீரகம், ஒரு கரட், எல்லாம் அவித்துக் கடைந்து, மேலே பட்டரில் மிளகாய்த்தூளை ஒருதரம் பொரிய விட்டு ஊற்றி, குடிக்கும்போது தேசிக்காயைப் பிழிவது. ஒரு கோப்பை குடித்துவிட்டு நல்லாய் இருக்கு, இது என்ன காய் என்று கேட்டேன். வாத்தியார் பெரியம்மாவைப் பார்த்தார், பெரியம்மா முற்றத்தைப் பார்த்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அது மைசூர்ப் பருப்பு. இரண்டாவது கோப்பையைத் தெரிந்துகொண்டே குடித்தேன். இப்போது மாதம் ஒருமுறையாவது வைக்கிறோம்.

எல்லாம் இப்படி வாய்க்காது. மருமகனின் கூட்டாளி கொரியாவுக்குப் போகப் பாசை படிக்கிறான், அவன் சொல்லிக் கொடுத்து இவன் கிம்சி போட்டான். கோவாவை உப்பில் ஊற வைத்து, மிளகாய், உள்ளி, இஞ்சி எல்லாம் பிசைந்து போத்தலில் அடைத்து, மூடியை இறுக்கித் திருகி, சித்திரை வெயிலில் பரந்தனில் தகரக் கூரைக்குக் கீழே வைத்துவிட்டான். கொரியாவில் முந்தி அதைப் பனிக்காலத்தில் சாடியில் போட்டு மண்ணுக்குள் தாழ்ப்பார்கள். இங்கே மூன்றாம் நாள் விடியப்புறம் மூடி பறந்து கூரையில் அடித்த சத்தத்தில் பெரியம்மா பாயை விட்டு எழும்பி, பழைய ஞாபகத்தில், வாசல் வரை ஓடிவிட்டார். பிறகு வந்து உட்கார்ந்து அரை மணித்தியாலம் சிரித்தார். மிச்சத்தைக் கோழிக்குப் போட்டோம், கோழியும் தொடவில்லை.

"எங்கட சாப்பாடு இருக்க ஏன் பிறத்தியாற்றை" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இரணைமடுக் குளத்தில் பிடித்து, பொரித்து, புட்டோடு சாப்பிடுகிற யப்பான் மீனுக்கும் யப்பானுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அது ஆபிரிக்காவின் திலாப்பியா, 1952 இல்தான் இலங்கைக்கே கொண்டுவந்தார்கள். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் அடித்துவிட்டுச் சுருளில் வாங்குகிற கச்சானின் சொந்த ஊர் தென்னமெரிக்கா. மரவள்ளியும் அங்கேதான், மிளகாயும் அமெரிக்கப் பக்கத்துச் சாமான்தான். மிளகாய் முதல் முதலாக வந்த அன்றைக்கு எங்கள் ஆட்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒதுக்கியிருந்தால், இன்றைக்குச் சம்பல் எங்கே?

படம் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். ஈரானியப் படம், அப்பாஸ் கியாரொஸ்தமி 1987 இல் எடுத்தது, 'நண்பனின் வீடு எங்கே'. வகுப்புப் பெடியனின் கொப்பி தவறி இவன் பையோடு வந்துவிடும். நாளைக்குக் கொப்பி இல்லாமல் போனால் வாத்தியார் அவனைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிடுவார். அதைக் கொடுக்க இவன் பக்கத்து ஊருக்கு ஓடுவான், வீடு தெரியாது, அவ்வளவுதான் கதை. பெரியம்மாவுக்குப் பாரசீகமும் தெரியாது, கீழே ஓடுகிற ஆங்கிலமும் தெரியாது. பத்தாவது நிமிடத்தில், "பெடி எத்தினை தரம் சொல்லுது, தாய்க்காறி ஒருக்காக் காது குடுக்கிறாளோ பார்" என்று திட்டத் தொடங்கினார். படம் முடியும் வரை எழும்பவில்லை.

முடிந்த பிறகு மருமகன் இன்னொன்று சொன்னான். 1990 இல் அந்தப் பக்கத்தில் பெரிய பூமியதிர்ச்சி வந்து ஊர் ஊராக இடிந்துபோனது. படத்தில் நடித்த பெடியன்கள் இருக்கிறார்களா என்று தேடிக்கொண்டு இயக்குநர் அங்கே போனார், அதையே வைத்து 1992 இல் வேறு ஒரு படம் எடுத்தார். அதில் இடிபாட்டுக்கு நடுவே ஒருவன் உலகக் கிண்ண உதைபந்தாட்டம் பார்க்க அன்ரனா கட்டிக்கொண்டு நிற்பானாம். பெரியம்மா அதைப் பெரிதாகக் காதில் வாங்கவில்லை. "அந்தப் பெடியள் இருக்கினமோ?" என்று மட்டும் கேட்டார். தப்பிவிட்டார்கள் என்று மருமகன் போனில் தேடிச் சொன்னான். அவர் நம்பவில்லை. "போன்லை எல்லாம் சொல்லுவினம். படத்தைக் கொண்டா, நான் பாக்கிறன்" என்றார்.

வாற வெள்ளிக்கிழமை போயா (பௌர்ணமி விடுமுறை), பார் பூட்டு, முறையும் அவருடையது. அந்த இரண்டாவது படம் யாரிடமாவது, தமிழ் உபதலைப்பு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். காலையில் இருந்து இரண்டு தரம் கேட்டுவிட்டார்.