அள்ளுறதுக்கு முன்னாடி கொஞ்சம் நில்லுங்க

காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டில் ரெண்டாங்கட்டுத் தளம் ஐப்பசி மழையில் இறங்கிவிட்டது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய முகப்பும் பட்டாலையும் அப்படியே நிற்கின்றன. விழுந்தது பிற்பாடு ஒட்டுப்போட்ட கான்கிரீட். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. மறுநாளே ஜேசிபி வந்து எல்லாவற்றையும் அள்ளிப் பள்ளத்தில் கொட்டியாச்சு. அப்புறம் ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு. மேஸ்திரி சிமெண்டை அமுக்கிட்டான் என்றார் பங்காளி. "கண்ணு பட்டுப்போச்சப்பா" என்றார் ஆச்சி. மேஸ்திரி போய்ச் சேர்ந்து பல வருஷமாச்சு, அவர் எங்கே வந்து பதில் சொல்ல?

இடிபாட்டை அள்ளிக் கொட்டிவிட்டுக் காரணம் தேடுவது, பிணத்தை எரித்துவிட்டுப் போஸ்ட்மார்ட்டம் கேட்கிற கதைதான்.

தொடங்குவதற்குப் பெரிய செலவெல்லாம் வேண்டாம். பள்ளிக்கூட லேபில் பார்த்த பினால்ப்தலீன் போதும். தளத்துண்டைச் சுத்தியலால் புதிதாக உடைத்து, தூசியை ஊதிவிட்டுத் தெளித்தால், நல்ல கான்கிரீட் பளிச்சென்று ரோஸ் ஆகும். கரியமில வாயு இறங்கிக் காரத்தன்மை போன இடம் மட்டும் சாம்பலாகவே இருக்கும். அந்தச் சாம்பல் பட்டை கம்பி வரை போயிருந்தால், கம்பிக்கு இருந்த காவல் போச்சு. ஈரம் பட்டதும் துரு. துருவுக்கு இரும்பைவிட ரெண்டு மடங்குக்கு மேல் இடம் வேண்டும். கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்துவிடும். கலவை மோசமா, கம்பியை மூடுற கான்கிரீட் கனம் போதலையா, ஒழுகின மாடியை வீட்டுக்காரர்களே கண்டுக்காம விட்டாங்களா என்ற பஞ்சாயத்தெல்லாம் இதற்கப்புறம்தான்.

1967 டிசம்பரில் அமெரிக்காவில் ஒஹையோ ஆற்றின் மேலிருந்த சில்வர் பாலம் விழுந்து 46 பேர் செத்தார்கள். ஆற்றிலிருந்து இரும்பை எடுத்து, இருந்த வரிசைப்படி வெட்டவெளியில் பரப்பிப் பார்த்தார்கள். பாலத்தைத் தாங்கிய சங்கிலியில் ஒரே ஒரு இரும்புச் சட்டம், அதில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு விரிசல். அவ்வளவுதான் காரணம். பாலங்களை முறைவைத்துச் சோதிக்க நாடு முழுக்க விதி வந்ததே அதற்குப் பிறகுதான். அந்த இரும்பைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டிருந்தால்?

எனக்கு ஆற்றாமை என்னவென்றால், துருப்பிடிப்பை ஆராய்வதில் பேர்போன சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நம்ம காரைக்குடியிலேயே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து வரவழைத்தது. நமக்கோ அது பஸ்ஸில் போகும்போது கண்ணில் படுகிற காம்பவுண்டு சுவர்.

உள்ளே ஆள் மாட்டியிருந்தால் மீட்பு முதலில், அதில் பேச்சே இல்லை. மற்றபடி எந்தத் துண்டு எதன்மேல் கிடக்கிறது என்று செல்போனில் நாலாபக்கமும் படம். முறிந்த கம்பி முனைகளும் தளத்துண்டு சிலதும் பெயிண்டில் நம்பர் போட்டுத் தனியாக. நகராட்சியும் ஊராட்சியும் இதைக் கட்டாயமாக்கட்டும். ட்ரோன், ரேடார் எல்லாம் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.