துலிப்பை ஓரமாக வைத்துவிட்டு 1619-ஐப் படியுங்கள்

முன்குறித்தல் (யார் இரட்சிக்கப்படுவார் என்பதை தேவன் முன்பே தீர்மானித்தல்) பற்றி எந்தத் தமிழ்க் கிறிஸ்தவக் குழுவில் பேச்சு எழுந்தாலும் பத்தாவது கமென்ட்டுக்குள் “கால்வினின் ஐந்து கோட்பாடுகள்” வந்து நிற்கும். சீர்திருத்த இறையியலாளர் ஜான் கால்வின் அப்படி ஐந்து எழுதவே இல்லை. அவர் 1564-ல் ஜெனிவாவில் இறந்துவிட்டார். ஐந்து என்ற கணக்கு 1610-ல் நெதர்லாந்தில் பிறந்தது. அதை எழுதியவர்கள் கால்வினின் வழியோடு முரண்பட்டவர்கள். அவர்கள் ஐந்து பிரிவாக எழுதியதால் அவர்களுக்கு வந்த பதிலும் அதே கணக்கில் அமைந்தது. அந்த ஐந்தின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்த ‘துலிப்’ (TULIP) என்ற சுருக்கம் இன்னும் பிந்தியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் புழங்க ஆரம்பித்த ஆங்கில எழுத்து விளையாட்டு அது. டச்சு மொழியில் அந்தப் பூவுக்கு ‘துல்ப்’ என்று பெயர். எழுத்து நாலுதான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்த ஐந்தெழுத்து இரண்டு தரப்புக்குமே அநியாயம் செய்கிறது. அந்த 1610-ன் முறையீட்டையும், அதற்குப் பதிலாக 1619-ல் டோர்ட்ரெக்ட் (டார்ட்) நகரில் கூடிய சினாட், அதாவது சபை மன்றம், எழுதிய டார்ட் நியதிகளையும் அருகருகே வைத்துப் படித்தால், இன்று நடக்கிற சண்டையில் பாதி காணாமல் போகும். மிஞ்சுகிற பாதிதான் உண்மையான சண்டை.

தொடங்கிய இடம் லெய்டன் பல்கலைக்கழகம். பிரான்சிஸ்குஸ் கோமாருஸ் அங்கே 1594 முதல் இறையியல் பேராசிரியர். 1603-ல் யாக்கோபுஸ் அர்மினியுஸ் வந்து சேர்ந்தார். (அர்மினியன் வேறு, ஆர்மீனியன் வேறு. ஆர்மீனியா நாட்டுச் சபைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தமிழில் எழுதும்போது தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.) இருவருமே சீர்திருத்தச் சபையின் போதகர்கள். அர்மினியுஸ் ஜெனிவாவில் கால்வினின் வாரிசான பெசாவிடமே பாடம் கேட்டவர். வெளியிலிருந்து வந்த எதிரி அல்ல, ஒரே வீட்டுப் பிள்ளை.

இருவரும் மோதியது ஒரு வரிசையில். தேவனுடைய நித்திய தீர்மானங்களை எப்படி அடுக்குவது? கால வரிசை அல்ல இது. எது எதற்கு அடிப்படை என்கிற வரிசை. கோமாருஸ் இப்படி அடுக்கினார்: முதலில் சிலரை இரட்சிப்புக்கென்று தெரிந்துகொள்வதும் (தேர்ந்தெடுப்பதும்) சிலரைத் தள்ளுவதும், அடுத்து சிருஷ்டிப்பு, அடுத்து வீழ்ச்சியை அனுமதிப்பது, அதன்பின் கிறிஸ்து. அர்மினியுஸ் கேட்டது: இன்னும் சிருஷ்டிக்கப்படாத, பாவமே செய்யாத ஒருவனைத் தள்ளிவிட்டு, அந்தத் தள்ளுதலை நிறைவேற்றவே அவனைச் சிருஷ்டித்தால், பாவத்துக்குக் காரணர் யார்?

1608 அக்டோபர் 30 அன்று திஹேகில், ஹாலந்து மாகாண அவையின் முன் அவர் தன் வரிசையை வைத்தார். நாலு படி. முதல் படியில் கிறிஸ்துவை மத்தியஸ்தராக நியமிப்பது. இரண்டாவதில், மனந்திரும்பி விசுவாசிக்கிறவர்களை ஏற்றுக்கொள்வது. மூன்றாவதில், மனந்திரும்பவும் விசுவாசிக்கவும் தேவையானவற்றைப் போதுமான அளவில் கொடுப்பது. நான்காவது படியில்தான் இன்னார் இன்னார் என்று ஆட்கள் வருகிறார்கள். கிருபையினால் யார் விசுவாசித்து நிலைத்திருப்பார் என்பதை தேவன் முன்னறிந்ததன் அடிப்படையில் அது நடக்கிறது. ஆக, ஒருவனுடைய பெயர் எந்தப் படியில் எழுதப்படுகிறது என்பதுதான் கேள்வி. கோமாருஸுக்கு முதல் படி, அர்மினியுஸுக்குக் கடைசிப் படி. ரோமர் 8:29-ல் “எவர்களை முன்னறிந்தாரோ அவர்களை… முன்குறித்திருக்கிறார்” என்று வாசிக்கிறோமே, அந்த ‘முன்னறிந்தாரோ’ என்ற ஒரு சொல்லின் மேல்தான் இந்த முழு எடையும் உட்கார்ந்திருக்கிறது.

அர்மினியுஸ் 1609 அக்டோபரில் இறந்தார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அவர் வழி நின்ற நாற்பதுக்கு மேற்பட்ட போதகர்கள் ஒரு முறையீட்டை எழுதினார்கள். அதை வடித்தவர் யோஹான்னஸ் யூட்டன்போகார்ட். முறையீடு என்பதற்கான சொல்லையே வைத்து அவர்களை ரெமான்ஸ்ட்ரன்ட்டுகள் என்றார்கள். நாம் மனுக்காரர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

அந்த ஐந்து பிரிவுகளில் மூன்றாவதை முதலில் படியுங்கள். மனிதன் தானாகவோ தன் சுயசித்தத்தின் பலத்தாலோ இரட்சிக்கும் விசுவாசத்தை அடைய முடியாது. வீழ்ந்த நிலையில் அவனால் மெய்யான நன்மை எதையும் தானாக நினைக்கவோ விரும்பவோ செய்யவோ முடியாது. அவன் மறுபடியும் பிறக்க வேண்டும். எழுதியவர்கள் யார்? அர்மினியர்கள். “மனுஷன் தன் சொந்த முடிவால் வருகிறான் என்பதுதான் அர்மினியனிசம்” என்று மேடையில் முழங்குகிறவர்களும் இதைப் படித்ததில்லை, “ஆமாம், நாங்கள் அதைத்தான் நம்புகிறோம்” என்று பதில் சொல்கிறவர்களும் படித்ததில்லை. மனிதன் இயல்பிலேயே பெற்ற ஆற்றலால் கற்பனைகளைக் கைக்கொள்ள முடியும் என்ற பெலாகியுவின் போதனையை 418-லேயே கார்த்தேஜ் மன்றம் கண்டித்தாகிவிட்டது. 1610-ன் மூன்றாம் பிரிவு கார்த்தேஜின் பக்கம்தான் நிற்கிறது.

ஐந்தாவது பிரிவும் அப்படித்தான். மெய்யாக விசுவாசித்தவன் விழுந்துபோக முடியுமா என்ற கேள்விக்கு 1610-ல் அவர்கள் ‘முடியும்’ என்று சொல்லவில்லை. வேதத்திலிருந்து இன்னும் ஆராய்ந்து பார்த்த பிறகே போதிக்க முடியும் என்று நிறுத்திக்கொண்டார்கள். ‘முடியும்’ என்று உறுதியாகச் சொன்னது பின்னால், டார்ட்டில் தங்கள் கருத்தை எழுதிக் கொடுத்தபோது.

அப்படியானால் பிளவு எங்கே? நான்காவது பிரிவில் ஒன்று: கிருபைதான் தொடக்கமும் தொடர்ச்சியும் முடிவும், ஆனால் அதை எதிர்த்து நிற்க முடியாது என்பதில்லை. “நீங்கள் பரிசுத்த ஆவிக்கு எப்பொழுதும் எதிர்த்து நிற்கிறீர்கள்” என்று அப்போஸ்தலர் 7-ல் ஸ்தேவான் சொல்வதுதான் அவர்களுக்கு ஆதாரம். இன்னொரு பிளவு முதல் பிரிவில், கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. கிருபையினால் விசுவாசித்து நிலைத்திருக்கிறவர்களை இரட்சிக்க தேவன் தீர்மானித்தார் என்கிறது அது. இதை எந்தக் கால்வினிஸ்ட் மறுப்பார்? டார்ட் சினாடும் மறுக்கவில்லை. தெரிந்துகொள்ளுதல் பற்றிய தீர்மானம் முழுவதும் இவ்வளவுதான், வேறொன்றும் இல்லை என்று சொல்வதைத்தான் மறுத்தது. டார்ட் நியதிகளில் முதல் தலைப்பின் கீழ் வரும் முதல் மறுப்பைப் பாருங்கள். ‘முழுவதும்’ என்ற சொல்லில்தான் அடி விழுகிறது. விசுவாசிப்பான் என்பதால் தெரிந்துகொண்டாரா, தெரிந்துகொண்டதால் விசுவாசிக்கிறானா? இவ்வளவுதான் கேள்வி. இரண்டுக்கும் நடுவில் ஒளிந்துகொள்ள இடமில்லை. என் மனம் டார்ட்டின் பக்கம்தான். ஆனால் எதிர்ப்பக்கம் நிற்கிறவனை வேதத்தை மறுக்கிறவன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது.

இனி சினாட். 1618 நவம்பர் 13-ல் டோர்ட்ரெக்ட் நகரில் கூடியது. 1619 மே 9 வரை 154 அமர்வுகள். வெளிநாட்டார் போனபிறகு உள்நாட்டு விவகாரங்களுக்காக இன்னும் சில. இங்கிலாந்து, பலாத்தினேட், ஹெஸ்ஸே, பிரேமன், ஜெனிவா, சுவிஸ் நகரங்கள் என்று வெளியூர்ப் பிரதிநிதிகள் வந்தார்கள். பிரான்சின் சீர்திருத்தச் சபையாரை அவர்களுடைய அரசர் வர விடவில்லை. அவர்களுக்காகப் போட்ட பெஞ்சு கடைசிவரை காலியாகவே கிடந்தது. தலைமை வகித்தவர் லேவார்டன் போதகர் யோஹான்னஸ் போகர்மன்.

மனுக்காரர்கள் பிரதிநிதிகளாக அழைக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். சம்மன் கொடுத்து வரவழைக்கப்பட்டார்கள். டிசம்பர் ஆரம்பத்தில் சைமன் எபிஸ்கோபியுஸ் தலைமையில் வந்தவர்களுக்கு மன்றத்தின் நடுவில் ஒரு மேசை. சுற்றிலும் நீதிபதிகள், அந்த நீதிபதிகளே வாதிகள். ஆறு வாரம் நடைமுறைச் சண்டையிலேயே போயிற்று. தள்ளுதலை முதலில் பேசுவோம் என்றார்கள் இவர்கள். எதிர்த்தரப்பின் பலவீனம் அங்கேதான் இருக்கிறது என்று இவர்களுக்குத் தெரியும். தெரிந்துகொள்ளுதலை முதலில் பேசுவோம் என்றது சினாட். 1619 ஜனவரி 14 அன்று போகர்மன் பொறுமை இழந்து, பொய்யர்கள் என்று கடிந்து, வெளியே போங்கள் என்று அனுப்பிவிட்டார். அதன்பின் அவர்களுடைய எழுத்துகளை வைத்தே விசாரணை நடந்தது. சீர்திருத்தச் சபையை நேசிக்கிறவர்கள் இந்த நாளைப் பற்றி வெட்கப்படத்தான் வேண்டும்.

வெளியே அரசியல் கொதித்துக்கொண்டிருந்தது. மனுக்காரர்களுக்கு ஆதரவாக இருந்தவர் ஹாலந்தின் மூத்த தலைவர் ஓல்டன்பார்னவெல்ட். மறுபக்கம் இளவரசர் மொரிஸ், படை அவர் கையில். சினாட் கூடுவதற்கு முன்பே, 1618 ஆகஸ்டில், ஓல்டன்பார்னவெல்ட்டும் அவர் பக்கம் நின்ற சட்ட அறிஞர் ஹூகோ குரோஷியுஸும் கைதாகிவிட்டார்கள். வெளிநாட்டுப் பிரதிநிதிகள் விடைபெற்றது மே 9. ஓல்டன்பார்னவெல்ட்டின் தலை வெட்டப்பட்டது மே 13, வயது 71. நாலே நாள் இடைவெளி. அவர்மேல் சுமத்தியது அரசியல் குற்றம், சினாட் தந்த தீர்ப்பல்ல அது. என்றாலும் இரண்டையும் தொடர்பில்லாதவை போலப் பேச முடியாது. தொடர்ந்து ஏறக்குறைய 200 போதகர்கள் பதவி இழந்தார்கள். இனி பிரசங்கிப்பதில்லை என்று கையெழுத்திட மறுத்தவர்களை நாடு கடத்தினார்கள்.

ஏறத்தாழ இதே காலத்தில் ரோமிலும் இதே கேள்வி எரிந்தது. தொமினிக்கர் ஒரு பக்கம், இயேசு சபையார் ஒரு பக்கம். 1598-ல் தொடங்கிய விசாரணையை 1607-ல் பாப்பரசர் ஐந்தாம் பவுல் தீர்ப்பே சொல்லாமல் முடித்தார். ஒருவரையொருவர் பதிதர் என்று அழைக்கக் கூடாது என்று மட்டும் கட்டளை. தீர்ப்பு இல்லாமல் விட்டது கோழைத்தனம் என்பார்கள் சிலர். போதகர்களின் குடும்பங்கள் தெருவுக்கு வராமல் போனதை நான் சிறிய காரியமாக நினைக்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு அந்த நியதிகளைப் படிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. எழுதப்பட்ட விதத்தைவிட எழுதப்பட்டது நன்றாக இருக்கிறது. மொத்தம் 59 பிரிவுகள், 34 மறுப்புகள். ஐந்து தலைப்புகள் நான்கு தொகுதிகளாக வருகின்றன, மூன்றாவதும் நான்காவதும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. காரணம் மேலே சொன்னதுதான்: மனுக்காரர்களின் மூன்றாம் பிரிவைத் தனியாக எடுத்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை, நான்காவதோடு சேர்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

கோமாருஸின் வரிசையை சினாட் எடுத்துக்கொள்ளவில்லை, கண்டிக்கவும் இல்லை. அவர் உட்கார்ந்திருந்த சபையிலேயே, வீழ்ந்துபோன மனுக்குலத்திலிருந்து தெரிந்துகொண்டார் என்று எழுதினார்கள். ஆகவே தள்ளப்பட்டவர்களைப் பற்றிச் சொல்லும்போது, தாங்களே விழுந்த குழியில் அவர்களை ‘விட்டுவிட்டார்’ என்கிறது முதல் தலைப்பின் 15-ஆம் பிரிவு. முடிவுரை இன்னும் தெளிவு: தெரிந்துகொள்ளுதல் விசுவாசத்துக்கு ஊற்றாக இருக்கிற அதே விதத்தில் தள்ளுதல் அவிசுவாசத்துக்குக் காரணம் என்று சொல்வதைச் சபைகள் வெறுக்கின்றன. “சிலரை நரகத்துக்கென்றே படைத்தார், அதுதான் டார்ட்” என்று பகிர்கிறவர்கள் இந்த வரியை ஒருமுறை படிக்க வேண்டும்.

துலிப்பில் வரும் ‘மட்டுப்படுத்தப்பட்ட பரிகாரம்’ (கிறிஸ்து தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்காக மட்டுமே மரித்தார் என்பது) என்ற பெயரும் அப்படியே. இரண்டாம் தலைப்பின் 3-ஆம் பிரிவு, கிறிஸ்துவின் மரணம் அளவற்ற மதிப்புள்ளது, உலகம் முழுவதின் பாவத்தை நிவிர்த்தி செய்ய ஏராளமாகப் போதுமானது என்கிறது. ஐந்தாம் பிரிவு, அந்த வாக்குத்தத்தத்தை எல்லா ஜாதிகளுக்கும் பாகுபாடில்லாமல் அறிவிக்க வேண்டும் என்கிறது. இந்தத் தலைப்பில் இங்கிலாந்தின் டேவனன்ட், வார்டு, பிரேமனின் மார்ட்டினியுஸ் ஆகியோர் கடுமையான வாசகத்துக்கு இடம் கொடுக்காமல் போராடினார்கள். ஆனால் இதே தலைப்பின் மூன்றாம் மறுப்புதான் மனுக்காரர்களைப் பெலாகியுவின் தவற்றை நரகத்திலிருந்து மீண்டும் எடுத்துவருகிறவர்கள் என்று சாடுகிறது. அந்த இடம் எனக்கு வலிக்கிறது.

‘தடுக்க முடியாத கிருபை’ என்றால் கழுத்தைப் பிடித்து இழுப்பது என்று நினைப்பவர்கள் மூன்று-நான்காம் தலைப்பின் 16-ஆம் பிரிவைப் பார்க்கவும். மனிதரை உணர்வற்ற மரக்கட்டைகளைப் போல நடத்துவதில்லை, சித்தத்தை அழிப்பதோ பலவந்தப்படுத்துவதோ இல்லை, அதை உயிர்ப்பித்துக் குணமாக்குகிறது என்று இருக்கும். ‘ஒருமுறை இரட்சிக்கப்பட்டால் போதும், எப்படி வாழ்ந்தாலும் சரி’ என்பதும் டார்ட்டில் இல்லை. ஐந்தாம் தலைப்பு தாவீதையும் பேதுருவையும் பெயர் சொல்லி, விசுவாசிகள் கொடிய பாவங்களில் விழ முடியும் என்கிறது. நிலைத்திருக்கச் செய்வது வசனத்தைக் கேட்பது, வாசிப்பது, தியானிப்பது, எச்சரிப்பு, திருவிருந்து போன்ற வழிகளால்தான் என்றும் சொல்கிறது.

நமக்கும் இந்தச் சினாடுக்கும் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. 1658-ல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த டச்சுக்காரர்களோடு வந்த போதகர்கள் இந்த நியதிகளுக்குக் கையெழுத்திட்டே ஊழியம் செய்தார்கள்.

ஆகவே முன்குறித்தலைப் பிரசங்கிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். முதல் தலைப்பின் 15-ஆம் பிரிவோடு நிறுத்திவிடாதீர்கள், இன்னும் இரண்டு பிரிவு படியுங்கள். 16-ஆவது, விசுவாசத்தை இன்னும் உறுதியாக உணராமல் தவிக்கிறவர்களுக்கானது: தள்ளுதல் என்ற பேச்சைக் கேட்டு அவர்கள் திகிலடைய வேண்டாம், நெரிந்த நாணலை முறியாதவர், மங்கியெரிகிற திரியை அணையாதவர் வாக்குக் கொடுத்திருக்கிறார் என்கிறது. 17-ஆவது, சிறு குழந்தையைப் பறிகொடுத்த பெற்றோருக்கானது: தேவபக்தியுள்ள பெற்றோர் அந்தப் பிள்ளையின் தெரிந்துகொள்ளுதலையும் இரட்சிப்பையும் சந்தேகிக்கக் கூடாது என்று ஒரே பத்தியில் எழுதி வைத்திருக்கிறார்கள்.