படிக்க நன்றாக இருந்தது, ஆட வரவில்லை

போன சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணி. மேஜையைச் சுற்றி நாலு நண்பர்கள், நடுவில் முறுக்குத் தட்டு, பகடைகள். ஆட்டம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், அதை நடத்துகிற டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) நான். கதையில் வரும் ஊர்ப் பூசாரி மேல் ஒருவனுக்குச் சந்தேகம் வந்து, "நேத்து ராத்திரி எங்க இருந்தீங்க சாமி?" என்று கேட்டுவிட்டான். சாமிக்கும் தெரியவில்லை, அவருக்காகப் பேச வேண்டிய எனக்கும் தெரியவில்லை. காசு கொடுத்து வாங்கிய அந்தச் சாகசப் புத்தகத்தில் பூசாரி வருவது 34ஆம் பக்கம். அவர் எங்கே இருந்தார் என்பது 71ஆம் பக்கத்தில், வேறு யாரையோ பற்றிய பத்தியின் நடுவில் கிடக்கிறது. நான் புரட்டப் புரட்ட ஒருத்தன் போனை எடுத்தான். அப்புறம் எல்லோரும் எடுத்தார்கள். அன்றைய ஆட்டம் அதோடு படுத்துவிட்டது.

கடுப்பு என்னவென்றால், அதே புத்தகத்தை முந்தின வாரம் ரசித்து ரசித்துப் படித்திருந்தேன். பூசாரியின் ரகசியம் வெளிவந்த இடத்தில் நிமிர்ந்தே உட்கார்ந்தேன். எழுதியவர் அந்த அதிர்ச்சியை எனக்காக ஒளித்துவைத்திருக்கிறார். ஐயா, எனக்கு எதற்கு அதிர்ச்சி? நான்தானே நடத்த வேண்டியவன்!

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வந்த ஆட்டம். ஒருவர் உலகத்தை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். எல்லாவற்றையும் டிஎம்மே கற்பனை செய்ய நேரம் இருக்காது என்பதால் ஆயத்தமாக எழுதிய சாகசங்கள் விற்கிறார்கள். அவை நாவல் இல்லை. ராத்திரி ஒன்பதரைக்குப் பதற்றத்தில் இருக்கிறவன் பத்து விநாடியில் பார்த்துப் பிழைத்துக்கொள்ள வேண்டிய கையேடு. எழுதுகிறவர்களில் பாதிப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள்.

நல்ல உதாரணம் வேண்டுமென்றால் 2014இல், புதிதாக ஆடுகிறவர்களுக்கான ஸ்டார்ட்டர் செட் பெட்டியோடு வந்த 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபான்டெல்வர்'. குறை இல்லாமல் இல்லை. முதல் லெவல் ஆட்களுக்கு அந்த முதல் சண்டையே கொஞ்சம் அதிகம். வண்டியோடு போகிற வழியில் செத்துக் கிடக்கும் இரண்டு குதிரைகள், உடம்பில் கறுப்பு இறகு வைத்த அம்புகள். புதரில் கோப்லின்கள் என்கிற குட்டிப் பூதங்கள் நாலு. சரி, தோற்றுவிட்டால்? அதற்கும் பதில் அங்கேயே இருக்கிறது. கோப்லின்கள் கொல்லாமல், மயங்கிக் கிடப்பவர்களையும் வண்டியையும் கொள்ளையடித்துவிட்டுப் போய்விடும். பிழைத்தவர்கள் ஊருக்குப் போய்ச் சாமான் வாங்கித் திரும்பி வந்து தடம் பிடிக்கலாம். ஆட்டம் நிற்கவில்லை பாருங்கள்.

அடுத்து அந்தக் கோப்லின்களின் குகை. உள்ளே யீமிக் என்று ஒரு கோப்லின். தலைவன் கிளார்க்கைத் தீர்த்துக்கட்டி அந்த இடத்துக்கு வர அதற்கு ஆசை. கையில் ஒரு பணயக்கைதி. "அவன் தலையைக் கொண்டுவா, இந்த ஆளை விடுகிறேன்" என்று பேரம் பேசும். இந்த ஒரு ஆசை தெரிந்தால் போதும், யார் என்ன கேட்டாலும் யீமிக்காகப் பதில் சொல்லிவிடுவேன். எங்கள் ஆட்கள் பேரத்துக்கு ஒத்துக்கொண்டார்கள், நடுவில் ஏமாற்றப் பார்த்தார்கள், கடைசியில் அதோடு கூட்டாளியும் ஆனார்கள். இதில் பாதி புத்தகத்தில் கிடையாது. ஆனாலும் நான் ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

துப்பறியும் சாகசம் எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இந்த மாதிரி ஆட்டங்களைப் பற்றி எழுதும் ஜஸ்டின் அலெக்சாண்டர் 2008இல் எழுதிய மூன்று துப்பு விதியைத் தேடிப் படியுங்கள். ஆடுகிறவர்கள் ஒரு முடிவுக்கு வரவேண்டுமென்றால் அதற்குக் குறைந்தது மூன்று துப்பாவது வையுங்கள் என்கிறார். அந்தப் பூசாரி வரும் புத்தகத்தில் ஒன்றே ஒன்று, அதுவும் இருபது முகப் பகடையில் 15க்குக் குறையாமல் விழுந்தால்தான் கிடைக்கும். எங்களுக்கு 4 விழுந்தது. சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டுக் கதவைத் திற என்பது போல.

சத்தமாக வாசித்துக் காட்டக் கட்டம் கட்டிப் போடும் வர்ணனையும் அப்படித்தான். மூன்று வரி தாண்டினால் எங்கள் மேஜையில் முறுக்கு நொறுங்கும் சத்தம்தான் கேட்கும். அரைப் பக்கத்துக்குத் தூண், தூசு, நிலா வெளிச்சம் என்று போய், கடைசி வரியில் "மூலையில் ஒரு டிராகன்" என்று எழுதுகிறார்கள். அறைக்குள் நுழைகிறவன் முதலில் டிராகனைப் பார்ப்பானா, தூசைப் பார்ப்பானா?

அந்தப் புத்தகத்தை நான் தூக்கிப்போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஆளுக்கொரு துண்டுச்சீட்டு எழுதினேன். பூசாரியின் சீட்டில் ஒரே வரி: "தம்பியைக் காப்பாற்றப் பொய் சொல்கிறார், ராத்திரி ஆற்றங்கரையில் இருந்தார்." 34ஆம் பக்கத்தின் அடியில் இதற்குத் தாராளமாக இடம் இருந்தது. சீட்டை அங்கேயே ஒட்டிவைத்திருக்கிறேன்.